சிவன் கோயிலில் கும்பிடும் முறை: முதல்முறை போகிறவர்களுக்கு

முன்னால் போகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டால் நாமும் போட்டுக்கொள்கிறோம், அவர் விழுந்து கும்பிட்டால் நாமும் விழுகிறோம். பலரும் சிவன் கோயிலை இப்படித்தான் சுற்றிவிட்டு வருகிறார்கள். ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் அந்த அரைமணி நேரமே வேறு மாதிரி இருக்கும். சைவத்தின் அடிப்படை நம்பிக்கைகள் கோயில் அமைப்பிலேயே வரிசையாக இருக்கின்றன. கிழக்குப் பார்த்த ஊர்க் கோயில் ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. வாசல்

குளித்துவிட்டு, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு போங்கள். கையில் வில்வமோ, கொஞ்சம் பூவோ, விளக்குக்கு நல்லெண்ணெயோ இருந்தால் போதும். தாழம்பூ மட்டும் வேண்டாம், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். கால் கழுவி, கோபுரத்தைக் கும்பிட்டு உள்ளே போனதும் முதலில் பிள்ளையார். தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போடுங்கள்.

2. பலிபீடம், கொடிமரம், நந்தி

இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் வகுத்துச் சொன்ன சைவ சித்தாந்தம் முழுக்க இந்த ஒரே நேர்கோட்டில் இருக்கிறது. உள்ளே இருக்கும் லிங்கம் பதி, அதாவது இறைவன். அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் நந்தி பசு, அதாவது நம் உயிர். பலிபீடம் பாசம், அதாவது உயிரைப் பிணைக்கும் கட்டு. ஆணவம், கன்மம் (வினை), மாயை என்ற மும்மலமும், அதாவது மூன்று அழுக்குகளும்தான் உயிரை இறைவனிடம் நெருங்கவிடாமல் கட்டிவைத்திருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிட்டு உள்ளே போகிறோம் என்று மனதார நினைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்து கும்பிடுவதும் இங்கேதான். தலை வடக்கே இருக்கட்டும். ஆண்கள் உடல் முழுதும் தரையில் பட அஷ்டாங்க நமஸ்காரம், பெண்கள் முழந்தாளிட்டுப் பஞ்சாங்க நமஸ்காரம். கொடிமரத்தைத் தாண்டியபின் எந்தச் சன்னதியிலும் விழ வேண்டாம், ஏதாவது ஒரு தெய்வத்தின் பக்கம் கால் நீட்டியதாகிவிடும். நந்திக்கும் சுவாமிக்கும் குறுக்கே போகாதீர்கள்.

3. சன்னதி

பின்னால் நிற்பவருக்கும் தெரியும்படி சற்று ஒதுங்கி நில்லுங்கள். அர்ச்சனை என்றால் குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார். கோத்திரம் தெரியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அவரே பார்த்துக்கொள்வார். சுவாமி பேருக்கே செய்யச் சொல்வதும் உண்டு. விபூதியை இடது கைமேல் வலது கையை வைத்து வாங்கி, கீழே சிந்தாமல் பூசிக்கொள்ளுங்கள். மீதியைத் தூணில் கொட்டிவிட்டு வருவது எனக்குப் பார்க்கவே பொறுக்காத பழக்கம்.

4. பிராகாரம்

வலமாகச் சுற்றுங்கள். கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும் இருப்பார்கள். பிரம்மாவும் திருமாலும் சிவனின் அடிமுடி தேடிய கதை லிங்கோத்பவருடையது. முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால்தான் அது சிவபூஜைக்கு ஆகாது.

வடக்கில் அபிஷேகத் தண்ணீர் விழும் கோமுகி பக்கத்தில் சிறு சன்னதியில் இருப்பவர் சண்டிகேசுவரர். தயவுசெய்து அங்கே பலமாகக் கைதட்டாதீர்கள், அவர் தியானத்தில் இருக்கிறார். 63 நாயன்மார்களில் ஒருவர் அவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து பாலூற்றிய மாடு மேய்க்கும் சிறுவன். பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலையே வெட்டினான். "இனி நானே உனக்குத் தந்தை" என்று ஏற்றுக்கொண்ட சிவன், தன் கொன்றை மாலையை அவன் தலையில் சூட்டினார். ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தக் காட்சியின் சிற்பம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். சோழர் காலத்தில் கோயில் நில விற்பனைகளைக்கூட இவர் பேரில் எழுதினார்கள். "சிவன் சொத்து குலநாசம்" என்பார்களே, அந்தச் சொத்துக்குக் காவல் இவர்தான். எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கைகளையும் மெதுவாகத் துடைத்துக் காட்டினால் போதும்.

5. அம்பாள், நவக்கிரகம்

அம்பாள் சன்னதிக்குப் போகும் முறை ஊருக்கு ஊர் மாறும். மதுரையில் மீனாட்சியைக் கும்பிட்ட பிறகுதான் சொக்கநாதர். நவக்கிரகத்தைக் கடைசியில் சுற்றலாம். பிறகு கொடிமரத்தருகே உட்கார்ந்து "நமசிவாய" என்று மனசுக்குள் சொல்லுங்கள், எண்ணிக்கை வேண்டாம்.

முதல் தடவை பிரதோஷத்தன்று போகாதீர்கள். திரயோதசி மாலையில் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும், எதையும் நின்று பார்க்க முடியாது. சாதாரண நாளில் காலையிலேயே போனால், குருக்களிடம் தலவிருட்சம் எது, தலபுராணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நேரம் கிடைக்கும்.