நண்டை எடை போடச் சொல்லுங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் மூவர், போன மாதம் சம்பளம் வந்த கையோடு கடலுணவு சாப்பிடப் போனார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் மூவர் முகமும் சரியில்லை. ரசீதை வாங்கிப் பார்த்தேன். 2011-இல் நான் வாங்கிய அதே அடி, வரிக்கு வரி. டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிப்பது, சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். உணவகத்தில் நம்மவர் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எடை கேட்கக் கூச்சப்படுவது

நான் அடி வாங்கிய அன்று ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு ஐந்து பேராகப் போயிருந்தோம். மெனுவில் நண்டுக்கு நேரே விலை இல்லை. 'பருவ விலை' என்று மட்டும் இருந்தது. "இன்று இலங்கை நண்டு அருமையாக வந்திருக்கிறது, இரண்டு போடட்டுமா?" என்றார் பரிமாறுபவர். இலங்கை என்று காதில் விழுந்ததும் ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதுபோல் தலையாட்டினேன். ஆவியில் வேகவைத்த மீன் ஒன்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். விருந்தினர் முன்னால் விலை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

நண்டுகள் ஒன்று ஒன்றரைக் கிலோ, மற்றது ஒரு கிலோ முந்நூறு கிராம். விலை 100 கிராமுக்கு ஐந்தரை வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நண்டு மட்டும் 154 வெள்ளி. மீன் 88. சோறு, கீரை, குடிக்க என்று ஒரு 40. அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறி 332 வெள்ளியில் வந்து நின்றது. மாத வாடகையில் பாதி.

எனக்கு இன்றும் ஆத்திரம் அந்தக் கடையின்மேல் இல்லை, என்மேல்தான். ஊரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியிருப்போமா? நண்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்து, பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வாதாடுகிற பரம்பரை. குளிர்சாதன அறையில் மேசைவிரிப்பைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். சொல்லப்படும் விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான். 11 வெள்ளி என்றால் சின்னத் தொகையாகத் தோன்றும், கிலோவுக்கு 110. பிறகு, "ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்" என்று நீங்களே வரம்பு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொட்டியில் இருப்பதிலேயே பெரிய நண்டு உங்களுக்காகக் காத்திருக்கும். சமைப்பதற்கு முன் எடை போட்டு, மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்து மேசைச் சீனப் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசையே எட்டிப் பார்ப்பார்.

மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், மற்றது பொருள் சேவை வரி. வரி 2024 முதல் 9 சதவீதம். சேவைக் கட்டணத்தின் மேலும் அது விழும். 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகிவிடும்.

மேசையில் வைக்கும் ஈரத்துணியும் கடலையும்

இனாம் இல்லை. வேண்டாமென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

'வெஜிடேரியன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காருவது

கறி இல்லை என்பதோடு பல சமையலறைகளில் அந்தச் சொல்லின் பொருள் முடிந்துவிடும். மலாய்க் கடையில் கீரையை வதக்குவதே பெலாச்சானில், அதாவது புளிக்கவைத்த இறால் விழுதில். தாய்லாந்துக் கடையின் பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாறும் காய்ந்த இறாலும் உண்டு. லக்சா என்ற நூடுல்ஸின் குழம்பிலும் இறால் இருக்கும். மீன், இறால், மீன் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். தாய்லாந்துக்காரரிடம் 'ஜே', வியட்நாமியரிடம் 'சாய்' என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். 'ஜே' சமையலில் வெங்காயம், பூண்டும் சேராது.

காரத்தில் வீறாப்பு

தாய்லாந்துக் கடையில், "நாங்கள் தமிழர்கள், நன்றாகக் காரம் போடுங்கள்" என்று சொல்லாதீர்கள். போட்டுவிடுவார்கள்.

பர்மியக் கடையில் அத்தோ கேட்பது

பெனின்சுலா பிளாசா வணிக வளாகத்தில் பர்மியக் கடைகள் இருக்கின்றன. சென்னை கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அங்கே போய் அதே பெயரைச் சொல்லிவிட்டு விழிப்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பொதுவாகக் கலந்து பிசைந்தது என்றுதான் பொருள். எதைப் பிசைவது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நூடுல்ஸ் வேண்டுமென்றால் 'காவ்ஸ்வே தோக்', ஊறவைத்த தேயிலை என்றால் 'லப்பெத் தோக்'. குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தால் குறை சொல்லாதீர்கள். நம் வீட்டில் எண்ணெய் பிரியும்வரை வதக்கச் சொல்வதைத்தான் அவர்களும் 'சீ ப்யான்' என்கிறார்கள். ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம்.

மிளகாய் நண்டுக்கு வெள்ளைச் சட்டையில் போவது

வேண்டாம்.