நந்தனார் கதையை வாட்ஸ்அப் உரையாடலாக எழுதுவது எப்படி?

பழைய நாடகத்தை மெசேஜ் வடிவில் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேரே ஷேக்ஸ்பியரிடம் போய்விடுகிறார்கள். காவிரி டெல்டாக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இருக்கிறதே. சிதம்பரம் நடராஜரைப் பார்க்க ஏங்கிய பண்ணையாள் நந்தனின் கதை; கதாகாலட்சேபமாகவும் மேடை நாடகமாகவும் ஊர் ஊராக நடந்தது. திருப்புன்கூர், சிதம்பரம் எல்லாம் நாம் பஸ் ஏறிப் போகிற ஊர்கள்.

படி 1: ஒரே ஒரு காட்சியை எடுங்கள்

முழுக்கதை வேண்டாம். திருவாதிரைக்குச் சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறார். பண்ணைக்குச் சொந்தக்காரரான வேதியர், 40 வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஒரு ஏக்கர் என்று கணக்குப் போட்டால் 266 ஏக்கருக்கு மேல் வருகிறது! ஒருவருக்கு வேண்டியது இன்னொருவர் கையில் இருக்கும் இப்படிப்பட்ட காட்சிதான் மெசேஜுக்குச் சரிப்பட்டு வரும். இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை, பாரதி சேர்த்த பாத்திரம். அவர் மட்டும் இல்லையென்றால் நந்தனுக்குப் பதில் போட ஆளே கிடையாது.

படி 2: பெயர் சேவ் செய்யுங்கள்

நந்தன் போனில் அவர் 'பண்ணை ஐயா'. அவர் போனில் இவர் 'வயல் ஆள் 3'. பாதிக் கதை இங்கேயே முடிந்தது. நந்தனின் ஸ்டேட்டஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம், அவர் எப்போதும் சொன்னதேதான்: 'நாளைப் போவேன்'.

படி 3: பதில் வராத இடத்தை எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் மேடை வசனத்தை அப்படியே டைப் அடித்துவிடுகிறார்கள். மேடையில் வேதியர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்; இங்கே அந்த வேலையை நீல டிக்கும் நேரமும்தான் செய்ய வேண்டும். மாதிரிக்கு:

இரவு 9:12
நந்தன்: ஐயா, திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிட்டு வந்துடுறேங்க. ரெண்டு நாள் லீவு வேணும்
(நீல டிக்)
இரவு 10:40
நந்தன்: ஐயா?
(நீல டிக்)
காலை 5:35
பண்ணை ஐயா: மோட்டார் போட்டாச்சா
நந்தன்: போட்டாச்சுங்க ஐயா. அந்தச் சிதம்பரம் விஷயம்...
பண்ணை ஐயா: களை எடுத்தாச்சா

அவர் ஒரு தடவைகூட 'முடியாது' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கேள்விக்குறிகூடப் போடுவதில்லை. நந்தன்தான் வரிக்கு வரி 'ஐயா' போடுகிறார்.

சிரிப்பு வேதியர் பக்கமே இருக்கட்டும். லீவு கிடைக்காத வேலைக்காரன் கதையாக இதைச் சுருக்கிவிட்டால் போச்சு. தீண்டாமையால் கோயிலுக்குள் விடப்படாத மனிதர் அவர். 'அங்க போனாலும் உன்னை உள்ள விடுவாங்களா' என்று பண்ணை ஐயா ஒரு வரி அனுப்பியே ஆக வேண்டும். நந்தன் பதில் டைப் செய்வது மட்டும் தெரியட்டும், பதில் வரக் கூடாது.

படி 4: பாட்டு

கீர்த்தனையை டைப் அடித்தால் உயிர் போய்விடும். 'வருகலாமோ' பாட்டு வருகிற இடத்தில் 47 நொடி வாய்ஸ் நோட் ஒன்றை வைத்து, அது கேட்கப்படவே இல்லை என்று காட்டுங்கள். அப்புறம், சிவனுக்கு நம்பர் கொடுக்காதீர்கள். கடவுள் பதில் போட்டால் பக்தி நாடகம் மீம் ஆகிவிடும். வெளியே நின்ற நந்தன் சிவனைப் பார்க்கும்படி திருப்புன்கூரில் நந்தி விலகியதைச் சொல்ல, நந்தன் வாசலில் நின்று எடுத்த ஒரு போட்டோ போதும்.

படி 5: திரைக்குக் கொண்டுவருவது

நோட்ஸ் செயலியில் எழுதி, இரண்டு பேராக வாய்விட்டுப் படியுங்கள். மூன்று வரிக்கு மேல் நீளும் மெசேஜை உடைத்துவிடுங்கள். பிறகு நண்பரோடு நிஜமாகவே அனுப்பிக்கொண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். உங்கள் நம்பர் மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை பழகியதும் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்துக்குப் போகலாம். கூனி கைகேயிக்கு அனுப்பும் முதல் மெசேஜிலிருந்து ஆரம்பியுங்கள்.