பாக்டீரியா புரதத்தை வெளியே அனுப்புவதைக் கண்ணால் பார்க்க ஒரு ஸ்டார்ச் தட்டு

செல்லுக்குள் செய்த புரதத்தை பாக்டீரியா எப்படிச் சவ்வைத் தாண்டி அனுப்புகிறது என்பதை முதலாம் ஆண்டில் எல்லோரும் படமாக வரைகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. மதுரைப் பக்கத்து வயல் மண்ணும் கொஞ்சம் அயோடினும் இருந்தால் அதை நேரிலேயே பார்த்துவிடலாம். கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். மண்ணிலிருந்து எந்தக் கிருமி வளரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

1. மண்

மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த நெல் வயல் நல்ல இடம். சிந்திய நெல்லும் தாளும் மக்கும் மண்ணில், மாவுச்சத்தைத் (ஸ்டார்ச்) தின்னும் பாசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகள் கிடைக்கும். "அண்ணே, ஒரு கை மண்ணு எடுத்துக்கிறேன்" என்று வயல்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

2. சூடாக்குதல்

ஒரு கிராம் மண்ணை 10 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கலக்கி, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள். மற்றவை பெரும்பாலும் செத்துவிடும். பாசில்லஸின் ஸ்போர்கள், அதாவது சூட்டைத் தாங்கும் உறங்குநிலைச் செல்கள், தாங்கும்.

3. தட்டு

100 மி.லி. நீருக்கு நியூட்ரியன்ட் அகார் பொடி (பாக்டீரியாவுக்கு உணவும் உறையவைக்கும் அகாரும் கலந்தது) 2.8 கிராம், கரையும் ஸ்டார்ச் 1 கிராம். ஸ்டார்ச்சைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்துச் சேர்த்தால் கட்டி தட்டாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு பெட்ரித் தட்டுகளில் ஊற்றி உறையவிடுங்கள்.

4. வளர்ப்பு

ஒரு தட்டில் மண் கரைசலை ஒரு லூப் (நுனி வளைந்த கம்பி) அளவு எடுத்து அகார் மேல் கோடாக இழுங்கள். இன்னொன்றில் ஆய்வகத்தில் வைத்திருக்கும், நோய் உண்டாக்காத ஈ. கோலை பாக்டீரியாவை அதேபோல இழுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், சோதனையின் உயிரே இதில்தான் இருக்கிறது. கவிழ்த்து வைத்து, 37 டிகிரியில் ஒரு நாள். சித்திரை வெயிலில் மதுரை அறைச் சூடே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும்.

5. அயோடின்

கிராம் அயோடின் என்ற ஆய்வக அயோடின் கரைசலைத் தட்டு முழுக்கப் பரவும்படி ஊற்றுங்கள். ஸ்டார்ச் இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். மண் தட்டில் சில காலனிகளை (பாக்டீரியா கூட்டமாக வளர்ந்த புள்ளிகளை) சுற்றி மட்டும் நிறமில்லாத வளையம் தெரியும். தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: ஓரம் சுருங்கிய, வெண்மங்கலான காலனி, அதன் விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் தெளிவு, அப்புறம் கருநீலம். நிறம் மங்குவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.

வளையம் எப்படி வந்தது?

ஸ்டார்ச் மூலக்கூறு மிகப் பெரியது, செல்லுக்குள் நுழையாது. அதனால் அதை வெட்டும் அமைலேஸ் நொதிதான் வெளியே போயாக வேண்டும். ஆனால் சவ்வு கொழுப்பாலானது. நீரில் கரையும் புரதம் அதை ஊடுருவ முடியாது.

அமைலேஸின் முன்முனையில் இருபது முப்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. அதுதான் சிக்னல் பெப்டைடு. தொடக்கத்தில் நேர்மின்னூட்டம், நடுவில் கொழுப்போடு ஒட்டும் பகுதி. இப்படி ஒரு முகவரி புரதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியதற்காகத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வில் செக்-ஒய்-இ-ஜி என்ற வாய்க்கால் உண்டு. மடிந்த புரதம் அதில் நுழையாது; ஊசிக் காதில் நூல் கோர்ப்பதுபோல நீட்டித்தான் அனுப்ப வேண்டும். செக்-ஏ என்ற மோட்டார் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைச் செலவழித்துத் தள்ளுகிறது. மறுபக்கம் வந்ததும் சிக்னல் பெப்டிடேஸ் என்ற நொதி முகவரித் துண்டை வெட்டிவிட, புரதம் அங்கேதான் மடிந்து வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. உள்ளேயே மடிந்துவிட்ட புரதங்களுக்கு டாட் என்று தனிப் பாதை இருக்கிறது. அது அடுத்த கட்டப் பாடம்.

ஈ. கோலை தட்டில் ஏன் வளையம் இல்லை?

அதனிடமும் அமைலேஸ் உண்டு! மால்-எஸ் என்ற அமைலேஸ் உள்சவ்வைத் தாண்டியும் விடுகிறது. ஆனால் ஈ. கோலைக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், இரண்டு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்திலேயே நின்றுவிடுகிறது. பாசில்லஸுக்கு ஒரே சவ்வு. அதற்கு வெளியே இருக்கும் தடித்த செல்சுவரின் இடுக்குகள் வழியே அமைலேஸ் அகாருக்குள் பரவிவிடும். செத்து உடைந்த செல்களிலிருந்து கசிந்த நொதிதான் வளையம் போட்டது என்று யாராவது சொன்னால் இந்த ஈ. கோலை தட்டைக் காட்டுங்கள். கசிவு மட்டுமே போதுமென்றால் இங்கும் வளையம் வந்திருக்க வேண்டும்.

6. அப்புறப்படுத்துதல்

படம் எடுத்ததும் தட்டுகளை மூடி, ஆட்டோகிளேவ் பையில் போட்டு, மறுபடியும் 121 டிகிரியில் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.