டேங்கர் ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது: ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட் எடுக்கிறது எப்படி

மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் லாரி ஓட்டுற பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்கிறது இதுதான். அண்ணே, டேங்கருக்கு மாறலாம்னு இருக்கேன், ஹெவி லைசென்ஸ் கையில இருக்கு, அது போதும்லனு. போதாது தம்பி. பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட், அமோனியா, குளோரின்னு உயிருக்கு ஆபத்தான சரக்கு எது ஏத்தினாலும் லைசென்ஸ்ல தனியா ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட் ஏறியிருக்கணும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 9வது விதி இதுக்காகவே இருக்கு. நான் ரொம்ப வருஷமா இந்த லைன்லயே டேங்கர் ஓட்டுறேன், என் கூட இருந்த நாலஞ்சு பேருக்கு கூடவே போய் எடுத்தும் குடுத்திருக்கேன், அதனால எங்கெங்க மாட்டுவாங்கன்னு தெரியும்.

முதல்ல தகுதி. டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுற லைசென்ஸ் செல்லுபடியா இருக்கணும், காலாவதி ஆயிருந்தா அதை ரினியூ பண்ணிட்டுதான் இதுக்கு வரணும். அப்புறம் ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். இங்கதான் நம்ம பசங்க பாதி பேரு பின்வாங்கிடுறாங்க. எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு முன்னாடி இருந்த ரூல 2019ல எடுத்துட்டாங்க, ஆனா ஹசார்டஸுக்கு இந்த எழுதப் படிக்கிற விஷயம் அப்படியேதான் இருக்கு. அதுக்காக இங்கிலீஷ்ல பேசணும்னு யாரும் சொல்லல. வண்டில ஒட்டியிருக்கிற போர்டையும் கேபின்ல இருக்கிற கார்டையும் பார்த்தா என்ன சரக்கு, என்ன ஆபத்து, யாருக்கு போன் பண்ணணும்னு புரியணும், அவ்ளோதான். அந்த வார்த்தைங்க மொத்தமே ஒரு ஐம்பது அறுபது இருக்கும், வீட்ல ஸ்கூல் போற பொண்ணோ பையனோ இருந்தா தினம் சாயங்காலம் கூட உக்காந்து படிங்க, ஒரு மாசத்துல வந்துடும், நான் பார்த்திருக்கேன்.

அடுத்தது ட்ரெய்னிங், மொத்தம் 3 நாள். மாநில அரசு அங்கீகாரம் குடுத்த இடத்துலதான் பண்ணணும். எந்தெந்த இடத்துக்கு இப்ப அங்கீகாரம் இருக்குன்னு உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல நேர்ல போய் கேட்டுடுங்க, தரமணில இருக்கிற இன்ஸ்டிட்யூட் ஆஃப் ரோட் டிரான்ஸ்போர்ட்லயும் விசாரிங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அங்கீகார லெட்டரை காட்டச் சொல்லுங்க, அதுல தேதி இன்னும் இருக்கான்னு பாருங்க. கேக்கிறதுக்கு கூச்சப்பட வேணாம், உங்க காசு உங்க வேலை.

முதல் ரெண்டு நாள் ஓட்டுறது பத்தி. விபத்து எதனால நடக்குது, பிரேக் போட்டா எவ்ளோ தூரத்துல நிக்கும், ராத்திரி ஓட்டுறது, ரயில்வே கேட், வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி சுத்தியும் அடியிலயும் பாக்க வேண்டியது, நிறுத்தினப்புறம் டயருக்கு கட்டை போடுறது, அப்புறம் ஒவ்வொருத்தரையா ஓட்டச் சொல்லி பாப்பாங்க. இருபது வருஷம் ஓட்டினவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச விஷயம்தான், ஆனா டேங்கருக்குள்ள சரக்கு அலை மாதிரி ஆடும், பாதி லோடுல வளைவு திரும்பும்போது வண்டியையே இழுக்கும், லோடு லாரி ஓட்டின கைக்கு அது புதுசு, அந்த இடத்துல கவனமா கேளுங்க.

மூணாவது நாள்தான் உயிர். அன்னிக்குதான் சரக்கைப் பத்தி சொல்லிக் குடுப்பாங்க, அன்னிக்குதான் நம்மாளுங்க மத்தியானம் கிளம்பிடுறாங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க.

டேங்கர்ல ரெண்டு பக்கமும் பின்னாடியும் ஒரு எமர்ஜென்சி போர்டு இருக்கும் பாருங்க, அதுல யுஎன் நம்பர்னு நாலு இலக்கம். பெட்ரோல்னா 1203, டீசல்னா 1202, எல்பிஜி 1075, அமோனியா 1005, குளோரின் 1017, சல்ஃப்யூரிக் ஆசிட் 1830. அது கூடவே ஹஸ்கெம் கோடுன்னு ஒண்ணு வரும், விபத்துன்னா என்ன பண்ணணும்னு சொல்ற கோடு, பெட்ரோலுக்கு 3ஒய்இ (3YE). மேலோட்டமா பார்த்தா புரியாது, பிரிச்சுப் பார்த்தா ரொம்ப ஈஸி. 3ன்னா நுரை அடிச்சுதான் அணைக்கணும், தண்ணியை பீய்ச்சினா பெட்ரோல் தண்ணி மேல மிதந்து நெருப்போட பரவும். ஒய்ன்னா வேகமா வெடிக்கவோ பத்திக்கவோ வாய்ப்பு இருக்கு, கிட்ட போறவங்க மூச்சுக்கருவி போடணும், கொட்டினதை சாக்கடைக்குப் போக விடாம மடக்கணும். கடைசில இ இருந்தா சுத்தி இருக்கிற ஜனங்களை வெளியேத்தறதைப் பத்தி யோசிக்கணும். ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து இறங்கினதும் முதல்ல பாக்கிறது இந்த போர்டைத்தான். அதனால சரக்கு மாறினா போர்டும் மாறணும், டீசல் போர்டை வச்சுக்கிட்டு பெட்ரோல் ஏத்திட்டு போறது அணைக்க வர்றவன் உயிரோட விளையாடுறது.

அப்புறம் காத்து. பெட்ரோல் ஆவி, எல்பிஜி, குளோரின் எல்லாம் காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்து பள்ளத்துல போய் தேங்கும். கசிவுன்னா காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமா, இல்லனா குறுக்கால விலகணும். நம்ம எண்ணூர்ல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து கிழக்கேர்ந்து அடிக்கும், அந்த நேரத்துல மேற்கால ஓடினா கேஸும் கூடவே வரும். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சு ஜனங்க மூச்சு முட்டி குழந்தைங்களை தூக்கிட்டு தெருவுக்கு ஓடி வந்ததை நம்ம ஏரியாவுல யாரும் மறக்கல. அமோனியா தண்ணில கரையும், ஈரத்துணியை மூக்குல வாயில கட்டினாலே தப்பிச்சு வெளியேற கொஞ்ச நேரம் கிடைக்கும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சவன் தெருவுக்கு ஒருத்தன் இருந்தாலே போதும்.

எனக்கே நடந்தது ஒண்ணு சொல்றேன். செங்குன்றம் தாண்டி ஒரு பங்க்ல டிகாண்டிங், அதான் டேங்கர்லேர்ந்து பெட்ரோலை இறக்குறது, போயிட்டிருந்தது, எர்த்திங் கிளிப் மாட்டியாச்சு, கட்டை போட்டாச்சு, பத்து நிமிஷத்துல ஹோஸ் கப்ளிங்ல வாஷர் போய் பெட்ரோல் நூல் மாதிரி இறங்குது. பக்கத்துல நின்ன பையன் உடனே வண்டியை ஸ்டார்ட் பண்ணி நகர்த்துங்கண்ணேன்னு கத்துறான். ஸ்டார்ட் பண்ணியிருந்தா அன்னிக்கு நான் இல்ல, அந்த பையனும் இல்ல. வால்வை மூடினேன், மாஸ்டர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பார்த்தேன், பம்ப்புல பெட்ரோல் போட நின்ன பைக்குங்களை ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கிட்டே வெளிய போகச் சொன்னேன், கொட்டின இடத்துல மணல் போட்டோம். எல்லாம் மூணாவது நாள் மத்தியானம் கேட்டது.

அதனாலதான் சொல்றேன், ஏஜென்ட் கிட்ட ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் வாங்காதீங்க. என் கூட ஓட்டினவர் ஒருத்தர், கிளாஸுக்கே போக வேணாம், நாளைக்கு பேப்பர் கையில இருக்கும்னு ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி பணம் குடுத்தாரு. ஆர்டிஓ ஆபீஸ்ல நம்பரை சரி பார்த்ததும் பொய்னு தெரிஞ்சுடுச்சு, பணமும் போச்சு, வேலையும் போச்சு, கேஸ் ஆகாம தப்பிச்சதே பெரிசு. அப்படியே நடுவுல எதுவும் சிக்காம ஓட்டினாலும், ஒரு விபத்துன்னு வந்துட்டா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல தேடுறது லைசென்ஸ்ல இந்த என்டார்ஸ்மென்ட் இருக்கான்னுதான்.

சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்னு பேரை பாருங்க. லைசென்ஸ்ல இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா, பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல அப்பா பேரு ஒரு இடத்துல முழுசா இருக்கும், இன்னொரு இடத்துல ஒரே எழுத்தா இருக்கும், இதுக்காகவே திருப்பி அனுப்பினவங்க நிறைய பேரு.

அப்புறம் பரிவாஹன் சாரதி சைட்டுக்குப் போய் தமிழ்நாடு செலக்ட் பண்ணி, லைசென்ஸ் சம்பந்தமான சர்வீஸ் பக்கத்துல லைசென்ஸ் நம்பர், பிறந்த தேதி போட்டா உங்க விவரம் வரும், அதுல ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட்டை டிக் பண்ணணும். ட்ரெய்னிங் சர்டிஃபிகேட், டாக்டர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 1ஏ, அட்ரஸ் ப்ரூஃப் இதெல்லாம் ஸ்கேன் பண்ணி ரெடியா வச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ல என்ன ஃபீஸ் காட்டுதோ அதை மட்டும் கட்டி ரசீதை எடுத்து வச்சுட்டு, ஒரிஜினலோட ஆபீஸுக்கு போங்க. காலைல சீக்கிரம் போனா வேலை முடியும்.

செல்லுபடி 3 வருஷம். முன்னாடி ஒரே வருஷம்தான் இருந்தது, 2019 சட்டத் திருத்தத்துல மாத்தினாங்க. ரினியூவலுக்கு ஒரு நாள் ரெஃப்ரெஷர் கிளாஸ் இருக்கும், தேதி முடிய ரெண்டு மாசம் இருக்கும்போதே பேட்சுக்கு பேரு குடுத்துடுங்க, கடைசி வாரத்துல சீட் கிடைக்காம வீட்ல உக்காந்திருந்தவங்க உண்டு.

வண்டிக்கு பெஸோ கிட்ட, அதான் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அரசு அமைப்பு, அவங்க கிட்ட வாங்குற லைசென்ஸ் வேற, அது ஓனர் பார்க்க வேண்டியது, ஆனா அதோட காப்பி வண்டில இருக்கான்னு நீங்க பாருங்க. சரக்கைப் பத்தி எழுத்துல குடுக்கிற விவரம், நாம ட்ரெம்கார்டுன்னு சொல்றது, அது கேபின்ல கை எட்டுற இடத்துல எப்பவும் இருக்கணும், 133வது விதில அது டிரைவர் பொறுப்புன்னே எழுதியிருக்கு. சீட்டுக்கு அடியில சாப்பாட்டு பையோட சேர்த்து போட்டு வைக்காதீங்க. அதே விதில இன்னொண்ணும் இருக்கு, வண்டி நிக்கும்போது நீங்களோ 18 வயசு தாண்டின விஷயம் தெரிஞ்ச ஆளோ கூடவே இருக்கணும். டீ குடிக்க இறங்குறீங்கன்னா கிளீனர்தான் அந்த ஆளு. அதனால முதல் ட்ரிப்புக்கு முன்னாடியே அவரை கூட்டிட்டு வண்டியை ஒரு சுத்து சுத்தி எமர்ஜென்சி வால்வ் எங்க இருக்கு, மாஸ்டர் சுவிட்ச் எங்க இருக்கு, எக்ஸ்டிங்குஷர் பின்னை எப்படி இழுக்கணும்னு காட்டி, அவர் கையாலயே ஒரு தடவை வால்வை மூடிப் பார்க்கச் சொல்லுங்க.