படப் பலகையில் முதலில் பேச வேண்டியது நீங்கள்தான்

பேச்சு வராத, அல்லது ஓரிரு சொல்லோடு நிற்கிற பிள்ளைக்குப் படப் பலகையோ (படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுவதற்கான அட்டை), தொட்ட படத்தின் சொல்லைக் குரலில் சொல்லும் ஆப் போட்ட டேப்லெட்டோ கொடுத்த பல வீடுகளில் நடப்பது இதுதான்: பத்து நாள் பார்க்கிறார்கள், பிள்ளை அதைத் தொடவே இல்லை, "இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது" என்று அது அலமாரிக்குள் போய்விடுகிறது. கைக்குழந்தையிடம் ஏறக்குறைய ஒரு வருஷம் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், அப்புறம்தான் முதல் சொல் வருகிறது. பலகையில் மட்டும் யாரும் பேசிக் காட்டாமலே பிள்ளை பேசிவிட வேண்டுமா?

அதனால் பிள்ளையின் விரலைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள், உங்கள் விரலை வையுங்கள். வாயால் எப்போதும்போல முழு வாக்கியமாகப் பேசுங்கள், கூடவே ஒன்றிரண்டு சொல்லைப் பலகையில் தொட்டுக் காட்டுங்கள். "இன்னும் தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போது 'இன்னும்' மட்டும் தொட்டால் போதும். பிள்ளை ஒரு சொல் தொட ஆரம்பித்ததும் நீங்கள் இரண்டு சொல் சேர்த்துக் காட்டுங்கள். திருப்பிச் செய்யச் சொல்ல வேண்டாம். "பந்து எங்கே? தொடு பார்க்கலாம்" என்று பரீட்சை வைத்தால் பலகை பாடப் புத்தகமாகிவிடும், பிள்ளை விலகிப் போகும்.

எந்தச் சொற்களை வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பழம், பொம்மை, வண்டி என்று பெயர்ச்சொற்களாகவே நிரப்பிவிடுகிறார்கள். பந்து என்ற படத்தை வைத்துக்கொண்டு பந்தைக் கேட்கலாம், அதற்கு மேல் பெரிதாக என்ன சொல்ல முடியும்? வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, கொடு, திற, நிறுத்து, உதவி, என்ன, எங்கே, நான், நீ ஆகியவை எந்த இடத்திலும் உதவும். ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகளின்படி, ஒருவர் ஒரு நாளில் பேசுவதில் சுமார் 80 சதவீதம் இப்படிப்பட்ட சில நூறு சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பிள்ளைக்குப் பிடித்தவற்றின் பெயர்களும் வேண்டும்தான், ஆனால் 'வேண்டாம்', 'வலிக்குது' இல்லாத பலகையைக் கையில் கொடுக்கவே கூடாது. 'வேண்டாம்' என்று தொட்டால் முடிந்தவரை அதற்கு மதிப்புக் கொடுங்கள். முடியாத இடத்தில் "வேண்டாம்னு சொல்ற, எனக்குப் புரியுது" என்றாவது சொல்லுங்கள்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. படத்துக்குக் கீழே 'போ' என்றுதான் இருக்கும், 'போனேன்', 'போவோம்' எல்லாம் இருக்காது. பிள்ளை 'நேற்று', 'போ' என்று தொட்டால் தப்பு சொல்லாமல், "ஆமா, நேத்து போனோம்" என்று முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள், விகுதிகள் காதில் விழட்டும். குரல் பதிவு செய்கிற வசதி இருந்தால் வீட்டில் பேசுகிறபடியே பதியுங்கள். எழுத்தில் 'வேண்டும்' இருக்கலாம், குரல் 'வேணும்' என்றே வரட்டும்.

பட்டன்களின் இடத்தை மாற்றாதீர்கள். போனில் பார்க்காமலே தட்டச்சு செய்கிறோமே, அதே மாதிரி பிள்ளையின் கையும் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பின்னால் 60 பட்டன் தேவைப்படும் என்று தோன்றினால் இப்போதே 60 கட்டம் போட்டு, வேண்டாதவற்றை மறைத்து வையுங்கள்.

கேட்டதும் காத்திருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அது நீளமாகத்தான் தெரியும். கண்டபடி அழுத்தினால் மழலை என்று எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு பொருள் கொடுத்துப் பதில் சொல்லுங்கள். கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு நீங்களே ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே போய், கண் சிமிட்டலையோ தலையசைப்பையோ 'ஆமாம்' என்று வைத்துக்கொள்ளலாம். கண் பார்வையால் இயங்கும் கருவிகளும் உண்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

"இதைக் கொடுத்தால் பேச்சே வராமல் போயிடுமோ?" என்ற பயம் எல்லாருக்கும் வருகிறது. படம், சைகை, கருவி போன்ற மாற்று வழிகளில் பேசப் பழகியவர்களைப் பற்றி 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. ஆகவே தைரியமாகக் கொடுங்கள், தண்டனையாக மட்டும் ஒருபோதும் பிடுங்காதீர்கள், அது பிள்ளையின் வாய். சார்ஜ் தீரும் நேரத்துக்கும் குளியலறைக்கும் அதே பலகையை அச்செடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க முடியாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தொடங்குங்கள், 'இன்னும்', 'போதும்' என்ற இரண்டே சொல்லோடு.