இறங்க ஒரு ஸ்டேஷன், ஏற இன்னொரு ஸ்டேஷன்

காலையில் ரயிலில் போய் ஒரு ஸ்டேஷனில் இறங்குவது, நாள் முழுக்க நடந்து வேறொரு ஸ்டேஷனை அடைவது, அங்கிருந்து ரயிலேறி வீடு திரும்புவது. பதினோரு வருஷமாக மாதம் இரண்டு முறையாவது இப்படி நடக்கிறேன். பெரும்பாலும் தங்கை கூட வருவாள், சில நாள் தனியாக. வண்டியில் போய் நடந்தால், வண்டியை விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். நல்ல பாதை முன்னால் நீண்டு கிடக்கும்போது பாதியில் திரும்புவது எனக்கு எப்போதுமே கஷ்டமாக இருந்தது. ரயிலில் போனால் அந்தக் கட்டு இல்லை. காலையில் ஆற்றங்கரையில் கிளம்பி சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் போய் முடிக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கிருந்து கிளம்பலாம் என்று. அதை நான் கடைசியில்தான் முடிவு செய்வேன். முதலில் பார்க்க வேண்டியது எங்கே போய் முடிப்பது என்பதைத்தான். காலையில் ரயில் பிந்தினால் பெரிய நஷ்டம் இல்லை. சாயங்காலம், கால் ஓய்ந்து, வியர்வை காய்ந்து குளிர ஆரம்பிக்கும் நேரத்தில், அடுத்த ரயில் மூன்று மணி நேரம் கழித்துத்தான் என்றால் அதுவரை நடந்த நடையின் சந்தோஷமே போய்விடும். அதனால் ரயில் அடிக்கடி நிற்கும் பெரிய ஸ்டேஷனை முடிவாக வையுங்கள். நாளுக்கு நாலைந்து ரயில் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன் தொடக்கமாக இருக்கட்டும். ரயிலில் தூரமாகப் போய்விட்டு, வீடு இருக்கும் திசையைப் பார்த்து நடந்து வருவது போல அமைத்தால் பெரும்பாலும் இது தானாகவே பொருந்திவிடும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் நடக்கப்போகிற பகுதியைத் தாண்டித்தான் காலை ரயில் போகும். அதனால் கடைசி இரண்டு மூன்று ஸ்டேஷன் தூரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போனை மடக்கி வைத்துவிட்டு வெளியே பாருங்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, வயல் உழுது கிடக்கிறதா, நீங்கள் குறித்து வைத்திருக்கிற நடைபாலம் அங்கே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கரைப் பாதை முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. இறங்குவதற்குள் மேட்டு வழிக்கு மாற்றிக்கொண்டோம்.

ரயில் நேரம் பார்க்கும்போது, போகிற தேதியைப் போட்டே பாருங்கள். வார நாள் அட்டவணை ஞாயிற்றுக்கிழமைக்குச் சரிவராது. தண்டவாளப் பராமரிப்பையும் பல இடங்களில் வார இறுதியில்தான் வைப்பார்கள். கடைசி ரயிலை நம்பி ஒருபோதும் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தைய ரயில்தான் உங்கள் ரயில், கடைசி ரயில் ஆபத்துக்கு. சின்ன ஸ்டேஷன்களில் சில, கேட்டால் மட்டும் ரயில் நிற்கும் வகை. இறங்க வேண்டுமென்றால் வண்டியில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். ஏற வேண்டுமென்றால் ஓட்டுநர் கண்ணில் படும்படி நின்று கை காட்ட வேண்டும். பிளாட்பாரம் குட்டையாக இருக்கும் இடத்தில் எல்லாப் பெட்டியின் கதவும் திறக்காது, எந்தப் பெட்டியில் ஏறுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நடப்பது எங்கே? தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் போயிற்று என்று தோன்றும். அது வேண்டாம். தண்டவாளத்தில் நடப்பது உயிருக்கு ஆபத்து, பெரும்பாலான நாடுகளில் குற்றமும்கூட. அதன் பக்கத்துப் பாதையும் பல இடங்களில் வேலியும் கரையுமாகப் பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கும். ரயில் எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் பிடிமானம் குறைவு. நூறு மீட்டர் ஓடி ஒரு மீட்டர் ஏறுவதே சாதாரண ரயிலுக்குக் கணிசமான ஏற்றம். அதனால்தான் ரயில்பாதை பள்ளத்தாக்கோடும் ஆற்றோடும் வளைந்து வளைந்து போகிறது. நம் காலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே! ரயில் கீழே சுற்றிப் போகட்டும், நாம் முகட்டில் ஏறி நடப்போம். அடுத்தடுத்த ஸ்டேஷன்களாக இருந்தாலும் நடுவில் ஒரு மலைத்தொடர் இருந்தால் போதும், ஒரு நாள் நடை கிடைத்துவிடும்.

இங்கிலாந்தில் ஹோப், ஈடேல் என்று பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் இருக்கின்றன. இரண்டும் 1894இல் திறந்த பாதையில் இருப்பவை. ரயிலில் சில நிமிஷ தூரம்தான். ஆனால் ஹோப்பில் இறங்கி 476 மீட்டர் உயர லூஸ் ஹில் ஏறி, முகட்டோடு 517 மீட்டர் உயர மாம் டார் வரை போய் ஈடேலில் இறங்கினால் அரை நாளுக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் ரயில் போகும் பள்ளத்தாக்கு, மறு பக்கம் இன்னொரு பள்ளத்தாக்கு. வரைபடத்தில் இந்த மாதிரி அமைப்பைத் தேடிப் பழகிவிட்டால் எந்த நாட்டிலும் உங்களுக்கு வழி கிடைக்கும்.

இப்போது வரைபடத்தில் வழி போடுவதற்கு வருகிறேன். அதற்கு ஒரு சிவப்புப் பென்சில் வேண்டும். வரைபடத்தை அச்சடித்து மேஜையில் விரித்ததும் நான் முதலில் வழியை வரைவதில்லை. இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவில் குறுக்கே ஓடுகிறவற்றைப் பார்ப்பேன்: தண்டவாளம், ஆறு, வாய்க்கால், நெடுஞ்சாலை. இந்த நாலும்தான் நடப்பவனைத் தடுக்கிற சுவர்கள். ஒவ்வொன்றையும் எங்கெங்கே கடக்க முடியும் என்று தேடி, பாலத்துக்கும் சுரங்க வழிக்கும் லெவல் கிராசிங்குக்கும் சின்னச் சின்ன வட்டம் போடுவேன். பத்து கிலோமீட்டரில் பெரும்பாலும் ஆறேழு வட்டத்துக்கு மேல் விழாது. அந்த வட்டங்களைக் கோர்த்தால் பாதி வழி தயார். வட்டங்களுக்கு நடுவே மண்பாதையா தார்ச்சாலையா என்பது அப்புறம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இணைய வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல ஊர்களில் விவரமாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதை வரைகிறவர்கள் தன்னார்வலர்கள். அதனால் ஒவ்வொரு வட்டத்தையும் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நல்ல காகித வரைபடம் கிடைக்கும் நாடு என்றால் 1:25,000 அளவில் வாங்குங்கள். அதில் நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், வேலியும் வரப்பும்கூடத் தெரியும்.

நான் கட்டாயம் வட்டம் போடுகிற கடைசி இடம், முடிவு ஸ்டேஷனின் வாசல். இதைக் கற்றுக்கொண்டது ஒரு நவம்பர் சாயங்காலம். ரயிலுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது நானும் தங்கையும் ஸ்டேஷன் வேலியை ஒட்டி வந்துவிட்டோம். பிளாட்பாரம் கண்ணுக்கு எதிரே, கல்லெறி தூரம்கூட இல்லை. ஆனால் நாங்கள் நின்ற பக்கத்தில் வாசலே கிடையாது. கடக்கும் பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஓடினோம். பாலத்தின் பாதியில் நிற்கும்போது எங்கள் ரயில் வந்து நின்று, கதவு மூடி, எங்களுக்குக் கீழேயே கடந்து போனது. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து என் கோடு ஸ்டேஷன் குறியில் முடிவதில்லை. எந்தப் பக்கத்து வாசல், எந்தப் பிளாட்பாரம் என்பது வரை போய்த்தான் நிற்கும்.

ஸ்டேஷன் பெயரையும் நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் முதன்மை ரயில்பாதைகளில் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருப்பது டென்ட் ஸ்டேஷன், சுமார் 350 மீட்டர். டென்ட் என்கிற ஊரோ அங்கிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பள்ளத்தில் இருக்கிறது. ஊரை அடைந்ததும் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நினைத்தவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேர ஏற்றம் பாக்கி இருக்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றைக்கும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மொத்த ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்தோடு முக்கால் மணி. இது நிற்காமல் நடக்கிறவர் கணக்கு. சாப்பாடு, வழி தேடல், வேடிக்கை எல்லாம் சேர்த்து நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். ஆக ஐந்து மணி நேரம். சேறான பருவத்தில் இன்னும் ஒரு மணி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காலை ரயில் எது என்பது தெரிந்துவிடும்.

நடுவில் கால் பிசகினாலோ மழை பிடித்தாலோ என்ன செய்வது? இந்த நடையின் பெரிய பலமே அதுதான். ரயில்பாதை பக்கத்திலேயே வந்துகொண்டிருப்பதால் இடையிலுள்ள ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு வாசல். ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப்பாதை இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கார்ல் வான் கெகா வடிவமைத்து 1848 முதல் 1854 வரை கட்டிய 41 கிலோமீட்டர் ரயில்பாதை அது. 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உச்சியில் இருக்கும் செம்மரிங் ஸ்டேஷனில் தொடங்கி, ரயில்பாதையைப் பார்த்துக்கொண்டே கீழே க்ளாக்னிட்ஸ் வரை ஒரு நடைபாதை போகிறது, 20 கிலோமீட்டருக்கு மேல். முழுக்க நடக்க முடியாதவர் பிரைட்டன்ஸ்டைனிலோ பயர்பாக்கிலோ ரயிலேறிவிடலாம். வழியில் ஒரு பார்வை மேடையில் நின்றால் இரண்டடுக்கு வளைவுகளோடு கால்ட்டே ரின்னே பாலம் தெரியும், 46 மீட்டர் உயரம். ஆஸ்திரியாவின் பழைய 20 ஷில்லிங் நோட்டில் இருந்த படம் அதுதான். மேலே தொடங்கிக் கீழே முடிப்பதையும் கவனியுங்கள். முதல் தடவை போகிறவர்கள் இப்படிப்பட்ட வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நகரத்து நடை வேறு விஷயம். அங்கே ஸ்டேஷன்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வந்துவிடும், ஆபத்துக்குக் கவலையே இல்லை. டோக்கியோவின் யமானோட்டே வட்ட ரயில்பாதை 34.5 கிலோமீட்டர், அதில் 30 ஸ்டேஷன்கள். ஒரே நாளில் அதைச் சுற்றி நடப்பவர்கள் உண்டு, ஆனால் ஐந்தாறு ஸ்டேஷனாகப் பிரித்துப் பல நாளில் முடிப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. லண்டனைச் சுற்றி வரும் கேபிடல் ரிங் நடைபாதையும் அப்படித்தான், 126 கிலோமீட்டரை 15 பகுதிகளாக வகுத்திருக்கிறார்கள். நகரத்தில் நடந்தால் பிரதான சாலையை விட்டு விலகுங்கள். கால்வாய்க் கரை, கல்லறைத் தோட்டம், பூங்கா, பழைய ரயில் தடம், இவற்றைக் கோர்த்து வழி போடுங்கள். லண்டனில் பின்ஸ்பரி பார்க்கிலிருந்து போகும் பார்க்லண்ட் வாக், 1954இல் பயணிகள் ரயில் நின்றுபோன தடம். கிரவுச் எண்ட் என்ற இடத்தில் பழைய பிளாட்பாரங்கள் இன்னும் இருக்கின்றன, நடுவில் தண்டவாளம் இருந்த இடத்தில்தான் நாம் நடக்கிறோம். நகரத்தில் சிக்னலுக்கு நின்று நின்று போவதால் மணிக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் போதும்.

லெவல் கிராசிங் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆளில்லாத கிராசிங்கில் இரட்டைத் தண்டவாளம் இருந்தால், ஒரு ரயில் போனதும் உடனே கால் வைக்காதீர்கள். போன ரயிலின் மறைவில் எதிர்த்திசை ரயில் வந்துகொண்டிருக்கலாம். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஆகும். இரண்டு பக்கமும் தடம் நன்றாகத் தெரியும் வரை நில்லுங்கள், காதில் பாட்டு ஓடினால் கழற்றிவிடுங்கள்.

செருப்பு, தண்ணீர், மழைச் சட்டை எல்லாம் எந்த நடைக்கும் உள்ளதே. கூடுதலாக ஒரு சின்ன டார்ச்சும், செல்போன் அணைந்தாலும் பார்க்கும்படி ரயில் நேரங்களை எழுதிய துண்டுச் சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட் வேறு ஸ்டேஷனிலிருந்து செல்லுமா என்று காலையிலேயே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

முடிவு ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷம் முன்னால் போய்ச் சேருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து, நினைவு மாறுவதற்குள் எழுதி வையுங்கள்: எந்த வட்டத்தில் வழி தவறியது, எந்தப் படிக்கட்டு உடைந்திருந்தது, ஸ்டேஷனின் எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது. மறு பக்கத்து வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த நடையை அங்கிருந்து கிளப்பலாமா என்று தங்கை கேட்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.