ஒரு பெட்டி, ஒரு தேதி: நீராவிக் கால அமெரிக்கச் சரக்குப் பெட்டியை ஆராய்ந்து மாதிரி செய்வது எப்படி?

1942 டிசம்பரில், சிகாகோவை ஒட்டிய ப்ரோவைசோ யார்டில் (சரக்குப் பெட்டிகளைப் பிரித்து ரயில்களாகக் கோக்கும் இடம்) ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காக வண்ணப் படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்று உயரத்திலிருந்து எடுத்தது. தண்டவாளம் தண்டவாளமாகச் சரக்குப் பெட்டிகளின் கூரைகள் நீண்டு கிடக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே செங்காவி நிறம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்று புதுச் செங்கல், ஒன்று பழைய புளி, இன்னொன்று புகைக்கரி ஏறி நிறமே தெரியாமல் நிற்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வயது, தனி வாழ்க்கை. அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

ரயில் மாதிரி செய்யும் கலைக்குப் புதிதாக வருபவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே பெட்டியைப் பிடித்துக்கொள்வோம்: பென்சில்வேனியா ரயில்ரோடின் எக்ஸ்29 வகை பாக்ஸ்கார், அதாவது நான்கு புறமும் மூடிய சரக்குப் பெட்டி. அளவு எச்ஓ, 1:87. இந்த அளவில் உண்மையான ஓர் அடி நம் மேசையில் 3.5 மில்லிமீட்டர்.

படி 1: தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு சரக்குப் பெட்டி முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். அதற்குள் பிரேக் மாறும், கதவு மாறும், கூரையில் நடக்கும் பலகை மாறும், பக்கவாட்டு எழுத்துகள் பலமுறை மாறும். ஆகவே “எக்ஸ்29 செய்கிறேன்” என்பது போதாது. எந்த ஆண்டின், எந்த மாதத்தின் எக்ஸ்29 என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். நான் எழுதி ஒட்டியிருப்பது: “சிகாகோ, டிசம்பர் 1942.”

இந்த ஒரு வரி எவ்வளவு வேலையைக் குறைக்கிறது என்று பாருங்கள். இரும்புப் பட்டைகளை வளைத்து முடுக்கிய ‘ஆர்ச் பார்’ சக்கரத் தொகுதிகள் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் பெட்டிகளில் 1940இல் தடைசெய்யப்பட்டன; அவை வேண்டாம். புல்மேன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற பிஎஸ்1 பெட்டி 1947இல்தான் வந்தது, அதுவும் வேண்டாம். கடையில் கண்ணைப் பறிக்கும் பெட்டிகளில் பாதி இப்படியே கழிந்துவிடும்.

சிகாகோவில் ஏன் பென்சில்வேனியா பெட்டி என்று கேட்கலாம். அந்த ரயில்வேயின் பாதையே நியூயார்க்கிலிருந்து சிகாகோ வரை வருகிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, பாக்ஸ்கார்கள் நாடு முழுவதும் சுற்றின. சரக்கு எங்கே போகிறதோ அங்கே பெட்டியும் போகும். பிறர் பாதையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சொந்தக்கார ரயில்வேக்கு வாடகை சேரும். எந்த ஊர் ரயிலைச் செய்தாலும் அதில் வெளியூர்ப் பெட்டிகள் கலந்திருக்க வேண்டும். தன் ஊர் ரயில்வேயின் பெட்டிகளை மட்டுமே வாங்கி அடுக்குவது தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை.

படி 2: பெட்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

1917 டிசம்பர் முதல் 1920 மார்ச் வரை அமெரிக்க ரயில்வேக்களை அரசே நடத்தியது. அப்போது பொதுவான வரைபடங்களின்படி சரக்குப் பெட்டிகள் பெரும் எண்ணிக்கையில் கட்டப்பட்டன. அவற்றின் பாக்ஸ்கார்கள் மரச் சுவர் கொண்டவை. அதற்குப் பின் முழு எஃகுப் பெட்டிக்கான பொது வடிவம் 1923இல் முன்மொழியப்பட்டது. அதைப் பின்பற்றிப் பென்சில்வேனியா 1924 முதல் கட்டியதே எக்ஸ்29. பால்டிமோர் அண்டு ஒஹாயோவின் எம்26 இதற்கு உடன்பிறப்பு.

உள்நீளம் 40 அடி 6 அங்குலம், உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். இந்த உயரத்தை மனத்தில் வையுங்கள். 1937ஆம் ஆண்டின் பொது வடிவப் பெட்டிக்கு உள்ளுயரம் 10 அடி. எச்ஓ அளவில் முதலாவது 30 மில்லிமீட்டர், இரண்டாவது 35. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் கூரைக்கோடு படிபோல ஏறி இறங்கும். நீராவிக் கால ரயிலுக்கு அழகைத் தருவது இந்த மேடுபள்ளம்தான் என்பேன்.

படி 3: ஆவணங்கள்

மூன்று வகை ஆவணங்கள் போதும். முதலாவது, ரயில்வேக்களின் பெட்டிப் பதிவேடு. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்ன வகைப் பெட்டி, உள்ளளவு என்ன, கதவின் அகலம் என்ன, அந்த வரிசையில் எத்தனை மிச்சம் என்று ரயில்வே வாரியாகச் சொல்லும். 1943 ஜனவரிப் பதிப்பின் மறுபதிப்பு உண்டு. நம் தேதிக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்தும். ‘எக்ஸ்எம்’ என்ற குறியீடு பொதுப் பயன்பாட்டு பாக்ஸ்காரைக் குறிக்கும்.

இரண்டாவது, பெட்டி கட்டுவோருக்கான கலைக்களஞ்சியங்கள். வரைபடங்களும் உதிரிப்பாக விளம்பரங்களும் நிறைந்தவை. விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு பிரேக் வால்வின் தெளிவான படம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது, புகைப்படம். மற்ற இரண்டும் பெட்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லும். அது எப்படி வாழ்ந்தது என்று புகைப்படமே சொல்லும். டெலானோவின் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்குங்கள். படத்தின் நடுவில் இருக்கும் மனிதரையும் எஞ்சினையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் பெட்டிகளைத் தேடுங்கள். நமக்கான செய்தி அங்கேதான் இருக்கிறது.

தொழிற்சாலை எடுத்த ‘புதுப் பெட்டி’ படங்களைப் பார்க்கும்போது எச்சரிக்கை தேவை. 1926இல் பளபளவென்று நின்ற பெட்டியின் படம் 1942க்குச் சாட்சி ஆகாது.

படி 4: படத்தில் எதைப் பார்ப்பது?

முனைச் சுவர், கதவு, கூரை, பிரேக், சக்கரத் தொகுதி என்ற வரிசையில் நான் பார்ப்பேன்.

எக்ஸ்29களில் முந்தியவற்றுக்கு முனைச் சுவர் தட்டையான தகடு; பிந்தியவற்றுக்கு அழுத்தி எழுப்பிய மேடுகள் கொண்ட ‘ட்ரெட்நாட்’ சுவர். கதவும் அப்படியே: முந்தியவற்றில் தட்டை, பிந்தியவற்றில் நெளிநெளியான ‘யங்ஸ்டவுன்’ கதவு. கூரை நடைபலகை 1942இல் மரம்தான். புதுப் பெட்டிகளில் எஃகுக் கிராதி கட்டாயமானது 1940களின் நடுவில்.

பிரேக்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1933க்கு முன் கட்டிய பெட்டிகளுக்கு ‘கே’ வகை பிரேக். அதன்பின் புதுப் பெட்டிகளுக்கு ‘ஏபி’ வகை கட்டாயம் ஆயிற்று; பழையவற்றைச் சிறிது சிறிதாக மாற்றினார்கள், 1953இல்தான் அந்த வேலை முடிந்தது. ஏபியில் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியாகத் தொங்கும். கே வகையில் வால்வு தனியாகத் தெரியாது; சில பெட்டிகளில் சிலிண்டரும் தொட்டியும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். 1942இல் ஓர் எக்ஸ்29க்கு இரண்டில் எதுவும் இருந்திருக்கலாம். உங்கள் எண்ணுடைய பெட்டியின் படம் கிடைத்தால் அது சொல்வதே முடிவு.

படி 5: கருவிகள்

கூரிய சிறு கத்தி, சாமணம், மெல்லிய அரம், உப்புத்தாள், 0.35 மில்லிமீட்டர் துளைமுனையுடன் கைத்துளைப்பான், பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட், சூப்பர் க்ளூ, சமையலறைத் தராசு. எச்ஓ அளவில் எக்ஸ்29க்குப் பிளாஸ்டிக் கிட்கள், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகத் தொகுப்புகள், வந்திருக்கின்றன. பிரேக் பாகங்களும் கைப்பிடிக் கம்பிகளும் டிச்சி நிறுவனத்திடம் உதிரியாகக் கிடைக்கும். ரெசின் கிட்கள் அழகானவை. முதல் பெட்டிக்கு வேண்டாம்.

படி 6: அடிப்பாகத்திலிருந்து தொடங்குங்கள்

வெளியே தெரியாது என்று பலர் அடிப்பாகத்தை விட்டுவிடுகிறார்கள். தண்டவாளத்தின் உயரத்தில் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் சிலிண்டரும் தொட்டியும் நிழலுருவாக நன்றாகவே தெரியும்.

கைப்பிரேக் சக்கரம் இருக்கும் முனைக்குப் ‘பி முனை’ என்று பெயர். பிரேக் சிலிண்டரின் தண்டு அந்த முனையை நோக்கித்தான் வெளியே தள்ளும். சிலிண்டரை ஒட்டுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். திருப்பி ஒட்டிவிட்டால் நெம்புகோல்கள் எதுவும் சேர வேண்டிய இடத்தில் சேராது. 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் முக்கியமான தண்டுகளை மட்டும் இணைத்தால் போதும்.

படி 7: கைப்பிடிக் கம்பிகள்

பொறுமை கேட்கும் படி இது. ஓடும் ரயிலின் மேல் ஏறி இறங்கிய தொழிலாளி உயிரை நம்பி ஒப்படைத்த கம்பிகள் இவை. ஆகவே அவை சுவரிலிருந்து விலகி, கை நுழையும் இடைவெளியுடன் நிற்க வேண்டும். 18 அங்குலக் கம்பி எச்ஓ அளவில் 5.25 மில்லிமீட்டர். ஊசியால் முதலில் புள்ளி குத்துங்கள், பிறகு துளையுங்கள். நேராகத் துளைமுனையை வைத்தால் வழுக்கும். கம்பியைச் செருகி, அடியில் ஒரு அட்டைத் துண்டை வைத்து இடைவெளியைச் சமப்படுத்தி, உட்புறத்திலிருந்து ஒரு துளி பசை விடுங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை.

படி 8: எடையும் சக்கரமும்

கூரையை ஒட்டும் முன் எடை சேருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், அத்துடன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு இது ஏறக்குறைய 110 கிராம். சக்கரம் உலோகத்தில் இருக்கட்டும், 33 அங்குல அளவு.

படி 9: வண்ணமும் எழுத்தும்

சாம்பல் நிறப் பிரைமர், அதன்மேல் செங்காவி. இந்த நிறம் வந்தது இரும்பு ஆக்சைடிலிருந்து: மலிவு, வெயில் மழைக்கு நெடுநாள் தாங்கும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். தடித்தால் தறையாணிகள் மறைந்துவிடும். பிறகு பளபளப்பான வார்னிஷ், அதன்மேல் டெக்கால் எழுத்துகள், அதாவது தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி ஒட்டுபவை.

பென்சில்வேனியாவின் சின்னம் கீஸ்டோன், வளைவின் உச்சியில் வைக்கும் கல். நம் தேதிக்கு வட்டத்துக்குள் கீஸ்டோன் இருக்கும் எழுத்தமைப்பு பொருந்தும். நிழல் விழுந்ததுபோல் வரைந்த பெரிய கீஸ்டோன் 1954இல் வந்தது. என் முதல் எக்ஸ்29இல் அதைத்தான் ஒட்டினேன். தெரிந்த பிறகு முழுவதும் உரித்து மறுபடி வண்ணம் பூசினேன்.

சின்ன எழுத்துகளே எனக்கு மிகவும் பிடித்தவை. பெட்டியின் இடது பாதியில் மூன்று எண்கள் இருக்கும்: கொள்ளளவு, சுமை வரம்பு, காலி எடை, எல்லாம் பவுண்டில். 50 டன் பெட்டியில் சுமை வரம்பையும் காலி எடையையும் கூட்டினால் 1,69,000 வர வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டியின் அச்சுமுனைகள் (தாங்கியில் சுழலும் சக்கர அச்சின் முனைகள்) தாங்கும் மொத்த எடை அது. காலி எடை 45,200 என்றால் சுமை வரம்பு 1,23,800. 40 டன் பெட்டிக்கு மொத்தம் 1,36,000. டெக்கால் தாளிலிருந்து எண்களைக் கலந்து ஒட்டும்போது இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

அருகில் எடைபோட்ட இடத்தின் குறியீடும் மாதமும் ஆண்டும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியை மறுபடி எடைபோட்டு, பழைய எண்ணின்மேல் புதுச் செங்காவியை ஒரு கட்டமாகப் பூசி, புது எண்ணை எழுதினார்கள். அழுக்கேறிய சுவரில் அந்தக் கட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆகவே இதை மட்டும் அழுக்குப் பூசிய பிறகு செய்யுங்கள். தேதி 1941 மே என்று இருக்கட்டும். பெட்டியில் எந்தத் தேதியும் 1942 டிசம்பரைத் தாண்டக் கூடாது.

படி 10: அழுக்கு

எழுத்துகளின்மேல் மங்கல் வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டுத் தொடங்குங்கள். நீராவி எஞ்சின் கரியைக் கக்கியது. அது கூரையில் அதிகம், சுவரின் மேல்விளிம்பில் கொஞ்சம், கீழே குறைவு. ஓவியக் கடையில் கிடைக்கும் கறுப்பு, பழுப்பு பாஸ்டல் குச்சிகளை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள்.

சக்கரங்களுக்கு ஆரஞ்சுத் துரு பூசுவதைப் பல மாதிரிகளில் பார்க்கிறேன். இந்தக் காலத்துக்கு அது தவறு. அச்சுமுனைப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய நூல்கழிவை அடைத்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் பரவி, தூசியைப் பிடித்துக் கறுத்துக் கெட்டியாகிவிடும். கறுப்போடு சிறிது பழுப்புக் கலந்த, எண்ணெய்ப் பிசுக்கான நிறமே சரி. தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு மட்டும் வெள்ளியாக மின்னும்.

எக்ஸ்29இன் சுவர் அடியோரத்தில் துருப்பிடித்து, பின்னாளில் பல பெட்டிகளுக்கு அங்கே நீளமாக எஃகுப் பட்டை வைத்து ஒட்டுப்போட்டார்கள். 1950களைச் செய்பவர்கள் அதைச் சேர்க்கலாம். நம் பெட்டிக்கு அடியோரத்தில் லேசான துருக்கறை போதும். கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் இரண்டு மூன்று கிறுக்கல்கள். யார்டு எழுத்தர்கள் பெட்டி போகவேண்டிய பாதையைச் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். டெலானோ படத்தைப் பார்த்து, அதே உயரத்தில், கையெட்டும் இடத்தில் மட்டும் எழுதுங்கள்.

காய்ந்த பிறகு ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் பெட்டியின் எண், தேதி, எந்தப் படத்தைப் பார்த்து எந்தப் பாகத்தைத் தேர்ந்தீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி, பெட்டியை வைக்கும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் தெளிவான படம் ஒன்று கையில் கிடைக்கும்போது, எதை மாற்ற வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.